கொழுக்குமலை ஜீப்பும் கூட வந்த சாகச வீரர்களும்

இனிமேல் யாராவது என்னிடம் "மச்சி, ஆஃப்ரோடு போலாமா?" என்று, அதாவது தார் போடாத கரடுமுரடுப் பாதையில் வண்டியில் போகலாமா என்று கேட்டால் போனைக் கட் பண்ணிவிடுவதாக இருக்கிறேன். சூரிய உதயம் பார்க்க கொழுக்குமலை என்ற தேயிலைத் தோட்ட மலைக்குப் போய்வந்து நான்கு நாள் ஆகிறது. இடுப்பு வலி போய்விட்டது, எரிச்சல்தான் போகவில்லை.

மதுரையிலிருந்து ஆறு பேர் கிளம்பினோம். தேனி, போடி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகள், பிறகு கேரளாவில் பூப்பாறை, சூரியநெல்லி. அதுவரை நல்ல தார் ரோடு. சூரியநெல்லிக்கு மேலே ஜீப்தான், சொந்தக் கார் போகக் கூடாது. இது ஊருக்கே தெரிந்த விஷயம். எங்கள் குழுவில் ஒருவனுக்கு மட்டும் தெரியாது. புதிதாக, நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் இழுவை போகிற ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கியிருக்கிறானாம். விடியற்காலை நான்கு மணிக் குளிரில் ஜீப் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "என் வண்டி ஏறாத மலையா?" என்று இருபது நிமிடம் வாய்ச்சண்டை. தினமும் அந்த மலையில் ஏறி இறங்குகிறவர்கள் எதிரே கை கட்டி நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத்தான் கூசியது.

சரி, ஒருவழியாக ஏறினோம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கிறது. இதிலேயே தெரியவேண்டாமா அது எப்படிப்பட்ட பாதை என்று? ரோடு முழுக்க உருண்டைக் கல், நடுவில் மழைத் தண்ணீர் அறுத்த பள்ளம், ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் இருட்டு. பின் சீட்டில் எதிரெதிரே உட்கார்ந்தவர்களுக்கு முட்டியோடு முட்டி மோதும், தலை கம்பியில் இடிக்கும். அதெல்லாம் தெரிந்துதானே போனோம், அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறையெல்லாம் உள்ளே இருந்தவர்கள் மேல்தான். ஏறின ஐந்தாவது நிமிடம் புளூடூத் ஸ்பீக்கர் வெளியே வந்தது. வழியில் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள், அதாவது வரிசை வீடுகள் இருக்கின்றன, மனுசங்க தூங்குகிறார்கள். அந்த நேரத்தில் குத்துப்பாட்டு! அப்புறம் டிரைவர் அண்ணனை விரட்டல். "இன்னும் வேகமா போங்கண்ணே, இதுக்கா காசு கொடுத்தோம்?" கல் ரோட்டில் வேகமாக முறுக்கினால் டயர் பிடிப்பில்லாமல் சுற்றும், கல்லைப் பறித்துப் பின்னால் எறியும். பறிந்த இடத்தில் அடுத்த மழைக்குத் தண்ணீர் ஓடிப் பள்ளம் இன்னும் ஆழமாகும். அந்தப் பள்ளத்தில் நாளைக்கு வண்டி இறக்கப்போவது அந்த அண்ணன்தான், நாம் இல்லை.

மேலே போனால் திருவிழாக் கூட்டம். ஏறக்குறைய 8,000 அடி உயரம், கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம் பாலாகக் கிடக்கிறது, எட்டத்தில் மீசைப்புலிமலை. சூரியன் வருகிறது. எங்கள் ஆட்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள்! பாறை நுனியில் ஏறி நிற்க வரிசை வேறு. சரி, அவரவர் போன், அவரவர் முதுகு.

என்னால் பொறுக்க முடியாமல் போனது அடுத்ததுதான். புல் காய்ந்து சருகாகக் கிடக்கிற மாசி மாதத்தில், எங்களில் ஒருவன் சிகரெட்டை இழுத்துவிட்டுத் துண்டைச் சரிவில் சுண்டினான். நெருப்போடு. டேய், 2018 மார்ச் 11 அன்று இந்தக் கொழுக்குமலைக்கும் கீழே குரங்கணிக்கும் நடுவில்தான்டா மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் மாட்டினார்கள். 23 உயிர் போனது. போடிக்காரன் எவனைக் கேட்டாலும் அந்த ராத்திரியைச் சொல்வான். நான் இறங்கிப் போய்த் துண்டை மிதித்துவிட்டு வந்தால், "ஓவரா சீன் போடாத" என்கிறான்.

இறங்கும்போதும் அதே பல்லவி. "ஏண்ணே இவ்வளவு ஸ்லோ?" டிரைவர் அண்ணன் அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "தம்பி, இங்க வண்டியப் பிடிச்சு இறக்குறது இன்ஜின். சின்ன கியர்ல விட்டாத்தான் இறங்கும். பிரேக்கையே நம்பி இறக்குனா அது சூடேறிப் பிடிக்காமப் போயிரும்." ஒரு நிமிடம் அமைதி. அப்புறம் மறுபடியும் ஸ்பீக்கர்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கொழுக்குமலை இருப்பது தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில். ஆனால் வண்டி ஏறவேண்டுமென்றால் கேரளா வழியாக இந்த ஒரு பாதைதான். மேலே தோட்டத்தில் இருப்பவர்களுக்கு உடம்பு சரியில்லையென்றாலும், கல்யாணம் கருமாதி என்றாலும், வண்டியில் இறங்க இதே கல்தான். நாம் காசு கொடுத்து இரண்டு மணி நேரம் குலுங்கிவிட்டு இதற்கு "அட்வென்ச்சர்" என்று பெயர் வைக்கிறோம்.

நேற்று அந்த ஃபோர் வீல் டிரைவ்காரன் வீடியோ போட்டிருக்கிறான். தலைப்பு: "ரோடே இல்லாத மலையில் வெறித்தனம்". போட்டுப் பார்த்தேன். ஒரு வளைவில் ஜீப்புக்கு வழிவிட்டு ஓரமாக ஒரு அம்மா நிற்கிறார். தலையில் மூட்டை, முந்தானையால் மூக்கைப் பொத்தியிருக்கிறார். அவர் மேல் நாங்கள் கிளப்பின புழுதி. ரோடே இல்லையாம்.