தொடரில் ரெசிஸ்டர் போட்டால் பேஸ் அடங்காது

வீட்டில் செய்த ஹெட்ஃபோனில் பேஸ் (அடி ஒலி) அதிகமாக முட்டினால் 100 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டால் போதும் என்று சிலர் சொல்வது தவறு. சாதாரண டைனமிக் டிரைவரில் (காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட, ஒலி எழுப்பும் பாகம்) பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கும்.

32 ஓம் டிரைவர் எல்லா அதிர்வெண்ணிலும் 32 ஓமாக இருப்பதில்லை. அதன் ஒத்ததிர்வுப் புள்ளி (டிரைவர் தானாகவே அதிகம் அதிரும் அதிர்வெண்) பேஸ் பகுதியில்தான் இருக்கும். அங்கே மின்மறுப்பு (ஓமில் அளக்கும் எதிர்ப்பு) ஏறும். 64 ஓம் வரை ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்மறுப்பு கூடிய இடத்தில் ரெசிஸ்டரின் பாதிப்பு குறைவு. அதனால் 100 ஓம் சேர்த்தால் நடு ஒலி சுமார் 12 டெசிபெல் குறையும், அந்தப் பேஸ் மேடு 8 டெசிபெல்தான் குறையும். அதாவது ஒப்பீட்டளவில் பேஸ் 4 டெசிபெல் கூடிவிட்டது! மொத்த சத்தம் குறைவதால் முதலில் காதுக்குத் தெரியாது, வால்யூமை ஏற்றியதும் தெரியும். மின்மறுப்பு மாறாத பிளானர் டிரைவரில் (தட்டையான படலம் கொண்ட வகை) சத்தம் மட்டும் குறையும்.

பேஸைக் குறைக்க ரெசிஸ்டரோடு ஒரு கெபாசிட்டரையும் இணையாகப் போடுங்கள். 33 ஓமும் 47 மைக்ரோஃபாரடும் இணையாக, இரண்டும் சேர்ந்து டிரைவருக்குத் தொடரில். 32 ஓம் டிரைவருக்கு, சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்ல இறங்கத் தொடங்கி, அடியில் கிட்டத்தட்ட 6 டெசிபெல் குறையும். ஒத்ததிர்வு மேட்டில் மட்டும் 4 டெசிபெல் அளவுக்குத்தான் குறையும், அதையும் சொல்லிவிட வேண்டும். கெபாசிட்டர் துருவமில்லாததாக இருக்கட்டும், இடது, வலது இரு பக்கத்துக்கும் தனித்தனியாக.

அப்புறம், இதற்கெல்லாம் முன்னால் டிரைவரின் பின்பக்கத் துளையைப் பாருங்கள். அதன் மேல் மெல்லிய காகித டேப்பைப் பாதி ஒட்டிக் கேட்டுப் பாருங்கள். பல ஹெட்ஃபோன் கப்புகளில் பேஸ் அதிலேயே மாறிவிடும்.