பச்சைப் பட்டாம்!

மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு ஆழ்வார்புரம் பக்கம் கூட்டத்தின் வாலில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சாமியும் தெரியாது, குதிரையும் தெரியாது. முன்னால் நிற்பவரின் முதுகும், அவர் தோளில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் காலும்தான் தெரியும். ஆனாலும் சேதி வந்துவிடும். "பச்சைப் பட்டாம்!" ஒருத்தர் சொல்லி அடுத்தவர் சொல்லி, அழகர் பச்சை உடுத்திவிட்டார், இந்த வருசம் மழைக்கும் வெள்ளாமைக்கும் குறையில்லை என்ற நிம்மதி பாலம் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

கவனித்திருக்கிறீர்களா? முன்வரிசையில் கண்ணால் பார்த்தவர் "பச்சைப் பட்டு" என்பார். அவரிடம் கேட்டவரில் தொடங்கிக் கடைசி ஆள் வரைக்கும் எல்லோரும் "பட்டாம்" என்பார்கள். நெரிசலில் செருப்பைத் தொலைத்தவர்கூட அந்த 'ஆம்'-ஐத் தொலைப்பதில்லை. "நான் பார்க்கலப்பா, சொன்னாக" என்கிற முழுச் சேதியும் அந்த ஒட்டுக்குள் அடக்கம்.

உலக மொழிகளின் விநோதங்கள் என்று சுற்றுகிற பதிவுகளில் துயூக்கா மொழி அடிக்கடி தலைகாட்டும். கொலம்பியாவும் பிரேசிலும் தொட்டுக்கொள்ளும் அமேசான் பகுதியில் பேசுகிறார்கள். அதில் "அவன் பந்து விளையாடினான்" என்று சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. கண்ணால் பார்த்தாயா, சத்தம் மட்டும் கேட்டதா, தடத்தை வைத்துச் சொல்கிறாயா, யாராவது சொன்னார்களா, இல்லை இந்நேரம் விளையாடுவான் என்ற ஊகமா? இந்த ஐந்தில் எது என்பதை வினைச்சொல்லின் விகுதியிலேயே காட்டியாக வேண்டும். நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதைப்போல நாள் முழுக்கப் பேசுகிறார்கள்!

தென்னமெரிக்க மலைநாட்டு கெச்சுவா மொழியில் '-மி' போட்டால் சொல்பவருக்கே நேரில் தெரியும், '-சி' போட்டால் கேள்விப்பட்டது. துருக்கி மொழியில் 'கெல்தி' என்றால் வந்தான், 'கெல்மிஷ்' என்றால் வந்தானாம், அல்லது வந்திருப்பான்போல. அங்கே பாட்டிகள் கதையை "பிர் வர்மிஷ், பிர் யோக்முஷ்" என்று ஆரம்பிப்பார்கள். ஒருக்கா இருந்துச்சாம், ஒருக்கா இல்லையாம். நம் அப்பத்தாக்கள் "ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தாராம்" என்பார்கள். இரண்டு பேருமே கதைக்கு நான் ஜவாப்தாரி இல்லை என்று முதல் வரியிலேயே கழன்றுகொள்கிறார்கள். நக்கலுக்கும் இரண்டு மொழியிலும் இதே ஒட்டுதான். "இவரு வந்து நின்னா ரோடே நிக்குமாம்" என்று மதுரைக்காரன் சொன்னால் அதற்கு உரை எழுதத் தேவையில்லை.

பெரிய வித்தியாசம், துயூக்காவில் இது கட்டாயம், நமக்கு விருப்பம். அங்கேதான் கோட்டை விடுகிறோம். ஆற்றங்கரையில் அத்தனை ஒழுங்காக இருப்பவர்கள் கையில் செல்போன் வந்ததும் 'ஆம்'-ஐக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். "உலகின் முதல் மொழி தமிழ் என யுனெஸ்கோ அறிவித்தது." அறிவித்ததாம் இல்லை, அறிவித்தது! என்னவோ பாரிஸில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டதைப்போல. மொழிகளுக்கு மூப்பு வரிசை போடுவது யுனெஸ்கோவின் வேலையே இல்லை. அழியும் நிலையில் இருக்கிற மொழிகளுக்குத்தான் அவர்கள் பட்டியல் போட்டார்கள். பெருமை வேண்டுமென்றால் மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் இருக்கிறது. 1882-ல் ராபர்ட் சூவல் என்கிற வெள்ளைக்கார அதிகாரி கண்டறிந்த தமிழ்க் கல்வெட்டு, இரண்டாயிரம் வருசத்துக்கும் பழசு, பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரோடு. மலையேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து 'ஆம்' இல்லாமலே பேசலாம்.

வெள்ளைக்காரன் மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. எஸ்கிமோக்களிடம் பனிக்கு நூறு சொல் உண்டு என்று படித்திருப்பீர்கள். 1911-ல் ஃபிரான்ஸ் போவாஸ் என்கிற மானிடவியலாளர் எடுத்துக்காட்டாகக் கொடுத்தது நான்கே நான்கு. அதற்கப்புறம் கைமாறக் கைமாற எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

இதை எல்லாம்விட எனக்கு எரிச்சல் தருவது, இத்தனை காலம் மதுரையில் சௌராஷ்டிரர்களோடு ஒரே ஊரில் குடியிருந்துகொண்டு "சௌராஷ்டிர பாஷைக்கு எழுத்தே கிடையாது" என்று அடித்துப் பேசுவது. எழுத்து உண்டு, அச்சில் வந்திருக்கிறது, 2008-ல் யூனிகோடிலும் ஏறிவிட்டது. தமிழ் எழுத்தில் எழுதும்போதுகூட க, க², க³, க⁴ என்று மேலே எண் போட்டு நாலு ஒலியையும் பிரித்துவிடுகிறார்கள். தெற்குமாசி வீதியில் யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

எங்கள் குடும்பக் குழுவில் ஒரு சித்தப்பா இருக்கிறார். காலை வணக்கத்தோடு இந்த மாதிரிச் செய்தி ஒன்று வந்துவிடும். சண்டை எதற்கு என்று, அவர் விட்ட ஒட்டை மட்டும் எடுத்துக் கொடுப்போமே என 'ஆம்' என்று பதில் போட்டேன். அவர் அதை நான் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டு, கைகூப்புப் படத்தோடு இன்னும் மூன்று அனுப்பிவிட்டார்.