எல்லாப் பிள்ளைக்கும் ஒரே புத்தகம் வேண்டாம்

பள்ளி திறக்கும் சமயம் வந்தாலே எங்கள் பக்கத்தில் இந்தப் பேச்சும் வந்துவிடும். ஏன் இத்தனை போர்டு, இந்தியா முழுக்க ஒரே பாடத்திட்டம் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே என்று டீக்கடையிலும் கேட்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்கிறார்கள். பெரும்பாலும் நல்ல மனசோடு கேட்கிறவர்கள்தான், பிள்ளைகளுக்குள் ஏற்றத்தாழ்வு ஒழியட்டும் என்கிற ஆசை. அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அதற்கு இது வழியில்லை என்று உறுதியாக நினைக்கிறேன். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூசன் எடுக்கிறேன். ஸ்டேட் போர்டும் சிபிஎஸ்இயும் ஒரே பெஞ்சில்தான் உட்காரும், இரண்டு புத்தகமும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து கிடக்கும். விவசாயப் பாடம் வந்தால் டெல்லியில் எழுதும் சிபிஎஸ்இ புத்தகத்தில் காரிஃப், ரபி என்று பயிர்ப் பருவங்கள். சென்னையில் எழுதும் ஸ்டேட் போர்டு புத்தகத்தில் அதோடு சொர்ணவாரி, சம்பா, நவரை. வயல் வைத்திருக்கும் வீட்டுப் பையன் ஒருவன் இரண்டையும் பார்த்துவிட்டு, "சார், எங்க தாத்தா கன்னிப்பூ, கும்பப்பூன்னுதான் சொல்லுவாவ, அது இதுல எதுல வரும்?" என்றான். எதிலும் வராது. கன்னி மாதத்தை ஒட்டி அறுப்பது ஒன்று, கும்ப மாதத்தை ஒட்டி அறுப்பது ஒன்று. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் நமக்குக் கிடைப்பதால் வந்த கணக்கு அது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்கிறது, குமரி அப்படி இல்லை. ஆக சென்னையில் எழுதிய புத்தகமே நம்மூர் வயல் வரைக்கும் வந்து சேரவில்லை. டெல்லியில் எழுதினால் இன்னும் எவ்வளவு தூரம்?

இதையாவது தாத்தா சொல்லிக் கொடுத்துவிடுவார், போகட்டும். எனக்குப் பெரிய கவலை வேறு.

தோள்சீலைப் போராட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மண்ணின் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போடுவதற்காக அடிபட்டு, துணி கிழிபட்டு, பல பத்தாண்டுகள் போராடி 1859இல் திருவிதாங்கூர் அரசாணை பெற்ற வரலாறு. இது, சிபிஎஸ்இ பள்ளிகளுக்குப் பாடநூல் எழுதும் மத்திய அரசு அமைப்பான என்சிஇஆர்டியின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்திலேயே இருந்தது, உடையின் சமூக வரலாறு பற்றிய பாடத்தில். பஞ்சாபிலும் அசாமிலும் இருக்கிற பிள்ளைகள் கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பெண்களைப் பற்றிப் படித்தார்கள் என்றால் சும்மாவா! எழுதியிருந்த விதம் ஒரு சமுதாயத்தைத் தாழ்த்திக் காட்டுகிறது என்று வழக்குப் போனது. அந்த வருத்தத்தில் நியாயம் இருந்தது, வரிகளைத் திருத்தி எழுதியிருக்கலாம். ஆனால் 2016 டிசம்பரில் சிபிஎஸ்இ அந்தப் பகுதியே வேண்டாம், அதிலிருந்து கேள்வி வராது என்று சுற்றறிக்கை அனுப்பியது. 2019இல் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று அந்தப் பாடத்தையே முழுதாக எடுத்துவிட்டார்கள். நாகர்கோவிலில் 2023 மார்ச்சில் அந்தப் போராட்டத்தின் இருநூறாம் ஆண்டு விழா நடந்தது, தமிழ்நாடு, கேரளா இரண்டு மாநில முதலமைச்சர்களும் வந்து பேசினார்கள். விழாவுக்கு வெளியே கொடி பிடித்து நின்ற பிள்ளைகளில் சிபிஎஸ்இயில் படிக்கிறவர்களுக்கு, அவர்கள் புத்தகத்தில் அந்தப் பாடமே கிடையாது.

என் வாதமே இதுதான். புத்தகம் ஒன்றே ஒன்றாக இருந்தால் ஒரு அலுவலகத்தில் எடுக்கிற முடிவு காஷ்மீரிலிருந்து குமரி வரை ஒரே நாளில் எல்லாப் பிள்ளையின் பையிலிருந்தும் ஒரு பக்கத்தைக் கிழித்துவிடும். இன்று ஆள்கிற கட்சியை மட்டும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. நாளைக்கு உங்களுக்குப் பிடித்த கட்சி வந்தாலும் அந்தக் கத்தரிக்கோல் அங்கேயேதான் இருக்கும்.

சரி, வரலாறு அப்படி, அறிவியல் எல்லா ஊருக்கும் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். நியூட்டன் விதி கொல்லங்கோட்டுக்கு வேறு, கான்பூருக்கு வேறு இல்லைதான். ஆனால் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு அறிவியலில் இருந்து பரிணாமம் போய்விட்டது, தனிம வரிசை அட்டவணைப் பாடமும் போய்விட்டது. அதே வயதில் நம் ஸ்டேட் போர்டுப் பிள்ளை உயிரின் தோற்றமும் பரிணாமமும் என்று தனிப்பாடமே படிக்கிறது. அப்புறம் மாநில எல்லையில் இருக்கிற களியக்காவிளையைத் தாண்டிப் பாருங்கள். என்சிஇஆர்டி நீக்கிய வரலாற்றுப் பகுதிகளைத் துணைப் பாடநூலாகவே அச்சடித்து 2023இல் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது கேரளா. சொந்தமாகப் புத்தகம் போடும் அமைப்பு அங்கே இருந்ததால்தான் அது முடிந்தது.

சமச்சீர் கல்வியை ஆதரித்துவிட்டு இதை எதிர்க்கலாமா என்பது நியாயமான கேள்வி. 2010க்கு முன்னால் நம் மாநிலத்துக்குள்ளேயே ஸ்டேட் போர்டு, மெட்ரிகுலேசன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு வழி. ஒரே தெருப் பிள்ளைகளைக் காசு பிரித்தது, பாடத்திட்டமும் சேர்ந்து பிரித்தது. 2010இல் சட்டம் வந்து, ஆட்சி மாறி இழுபறியாகி, 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் எல்லா வகுப்புக்கும் வந்தது. அன்றும் ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். ஆனால் அதற்கப்புறம் நடந்ததையும் பார்க்க வேண்டுமில்லையா? வசதி உள்ளவர்கள் சிபிஎஸ்இக்கு நகர்ந்தார்கள். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரை ரோட்டோரம் எத்தனை சிபிஎஸ்இ பள்ளிப் பெயர்ப்பலகைகள்! நாளை எல்லோருக்கும் சிபிஎஸ்இ என்றால் அவர்கள் கேம்பிரிட்ஜ், ஐபி என்று சர்வதேசப் பாடத்திட்டம் தேடி அடுத்த படிக்குப் போவார்கள். ஃபீஸ்தான் பிரிக்கிறது, ஒரே புத்தகம் வந்தாலும் ஃபீஸ் ஒன்றாகிவிடப் போவதில்லை. பேச்சிப்பாறைக்கு மேலே இருக்கிற காணிக்காரர் பழங்குடி வீட்டுப் பிள்ளைக்கு, பாடம் நடத்த ஆள் வேண்டும், மழை நாளில் பள்ளிக்குப் போய்வர வண்டி வேண்டும். புத்தகத்தின் அட்டையில் எந்த போர்டு பெயர் இருந்தால் அதற்கென்ன?

நீட் விஷயத்தில் பெற்றோருக்கு இருக்கிற பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது, தினமும் பார்க்கிறேன். என்சிஇஆர்டி புத்தகத்தை வரி விடாமல் படித்தால்தான் சீட்டு என்ற பேச்சு ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. உண்மையில் ஒரே பாடத்திட்டம் சட்டம் போட்டு வரவில்லை, நுழைவுத் தேர்வு வழியாக வந்துகொண்டிருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு வந்தாயிற்று. 1976இல் நெருக்கடி நிலை நேரத்தில் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து, மத்திய அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலுக்கு மாற்றினார்கள், அதன் பலனை இப்படித்தான் அனுபவிக்கிறோம். 2020இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தர வேண்டி வந்ததே, அது எதனால்? நம் பாடநூலை 2018இல் தொடங்கிப் புதுப்பித்த பிறகும் அந்தப் பிள்ளைகளுக்கு எட்டாமல் இருந்தது இரண்டு வருடக் கோச்சிங்கும் அதற்கான லட்சங்களும். தேர்வை மாநிலப் பாடத்தையும் மதித்து நடத்தச் சொல்லிக் கேளுங்கள், அது நியாயம். தேர்வுக்காகப் பிள்ளையின் பன்னிரண்டு வருடப் படிப்பையே மாற்றச் சொல்வது தலைகீழ் வேலை.

ஊர் ஊராக மாற்றலாகும் ராணுவக் குடும்பம், மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்கு என்ன வழி என்பார்கள். அதற்குத்தான் 1963இல் கேந்திரிய வித்யாலயாவே தொடங்கினார்கள், நம் மாவட்டத்திலும் இருக்கிறது.

பொதுவாக எதுவுமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை தாய்மொழியில் ஒரு பத்தியைத் தடங்கல் இல்லாமல் வாசிக்க வேண்டும், வகுத்தல் கணக்குப் போட வேண்டும், பத்தாம் வகுப்பில் ஒரு சோதனையைத் தானே செய்து பார்க்க வேண்டும் என்கிற அளவுகோல் நாடு முழுக்க ஒன்றாக இருக்கட்டும். அதை எந்தப் பாடத்தை வைத்து எட்டுவது என்பதை மாநிலம் முடிவு செய்யட்டும். அதிலும் ஒரு பங்கு மாவட்டத்துக்கு வர வேண்டும். நம்முடையது 1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு சேரும் வரை திருவிதாங்கூர்–கொச்சிப் பாடம் படித்த மாவட்டம், இன்றும் மலையாளம் வழியில் படிக்கிற பிள்ளைகள் உள்ள மாவட்டம். சென்னையும் எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்கக் கூடாது என்று சொல்ல நமக்கு முழு உரிமை இருக்கிறது.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அப்பா ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்காகும். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல் அடித்தபோது எச்சரிக்கை வருவதற்கு முன்பே கடலுக்குள் போயிருந்தவர்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்தக் கரையில் படிக்கிற பிள்ளைக்குக் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஐந்து மார்க் கேள்வி மட்டும்தானா? வானிலை அறிக்கையை எப்படி வாசிப்பது, ஒயர்லெஸ் எத்தனை தூரம் எட்டும், கரையிலிருந்து எத்தனை கடல் மைலில் என்ன உதவி கிடைக்கும் என்பதெல்லாம் அந்தப் பள்ளியில் பாடமாக இருக்க வேண்டும். இதை டெல்லியிலிருந்து ஒருவர் எழுதித் தர மாட்டார், எழுத வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

தேரூரில் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே நம் ஆசிரியர்களே உட்கார்ந்து நூறு பக்கத்தில் ஒரு துணைப் பாடநூல் எழுத முடியும். இரண்டு பருவமழை, கோதையாற்றுப் பாசனம், மணவாளக்குறிச்சித் தாதுமணல், தோள்சீலை, 1956, சுனாமி, ஒக்கி என்று விஷயத்துக்கா பஞ்சம்? அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதையும், காலியாகக் கிடக்கிற ஆசிரியர் பணியிடத்தையும் சேர்த்துத் தீர்மானமாகப் போடுங்கள். வேண்டுகிறவர்கள் சொல்லுங்கள், தீர்மானத்தின் மாதிரியை நான் எழுதித் தருகிறேன்.