கோபம்தான் மாறவில்லை, கட்சி மாறிக்கொண்டே இருந்தது
கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்திலுள்ள பேட்டில் ரிவர்-க்ரோஃபுட் நாடாளுமன்றத் தொகுதி பற்றிய கட்டுரையில், அது ‘பிறவியிலேயே கன்சர்வேட்டிவ்’ என்று வரும் வரிதான் இடிக்கிறது. பழைய பேட்டில் ரிவர் தொகுதிக்கு 1921 முதல் 1935 வரை எம்.பி.யாக இருந்தவர் ஹென்றி ஸ்பென்சர். ஆல்பர்ட்டா ஐக்கிய விவசாயிகள் அமைப்புக்காரர். அவரும் கூட்டாளிகளும் சேர்ந்து 1932-ல் கல்கரியில் வித்திட்டதுதான் சி.சி.எஃப். என்ற இடதுசாரிக் கட்சி, இன்றைய என்.டி.பி.யின் (புதிய ஜனநாயகக் கட்சி) தாய்க்கட்சி! கோதுமை விலை சரிந்து கடன் கழுத்தை நெரித்ததும் அதே விவசாயிகள் 1935-ல் சோஷியல் கிரெடிட் கட்சிக்குத் தாவினார்கள். கன்சர்வேட்டிவ் பக்கம் சாய்ந்தது 1958-ல், அக்கட்சிப் பிரதமர் டீஃபன்பேக்கருக்கு அடித்த அலையில். 1993-ல் அவர்களையும் கைகழுவிவிட்டு ரிஃபார்ம் கட்சி. தலைநகர் ஒட்டாவாவின் மத்திய அரசு மீதுள்ள கோபம் மட்டும்தான் அப்படியே இருக்கிறது. கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் ‘அங்கே தேர்தலே வெறும் சடங்கு’ என்கிறார். 2025 ஆகஸ்ட் இடைத்தேர்தலில் அத்தொகுதியின் கேம்ரோஸ் ஊரில் நானும் ஓட்டுப் போட்டேன். 214 வேட்பாளர்கள் என்பதால் வாக்குச்சீட்டில் பெயரே கிடையாது, வெற்று இடம்தான். நாமே எழுத வேண்டும், பிழை இருந்தாலும் ஆள் யாரென்று புரிந்தால் செல்லும். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்து வேட்பாளர் பட்டியலை மூக்கோடு ஒட்டிவைத்துத் தேடிக்கொண்டிருந்தார். கன்சர்வேட்டிவ் தலைவராக நின்ற பொலியேவ் சுமார் 80 விழுக்காடு வாங்கினார், மறுக்கவில்லை. ஆனால் இரண்டாமிடம் லிபரலுக்கும் இல்லை, என்.டி.பி.க்கும் இல்லை; சுயேச்சை போனி கிரிச்லிக்கு.