லியோ போன்: காது கேளாதோருக்காகவா, காது கேளாதோருடையதா?

லண்டன் மேஃபேர் பகுதியில் அப்பர் புரூக் தெரு 22ஆம் எண் வீட்டுச் சுவரில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. 1911 ஜூன் 9 அன்று லியோ போன் என்பவர் அந்த வீட்டில் ஓர் அமைப்பைத் தொடங்கினார் என்று அது சொல்கிறது. இன்று ஆர்.என்.ஐ.டி. (காது கேளாத மக்களுக்கான ராயல் தேசிய நிறுவனம்) என்று பிரிட்டனில் எல்லோரும் அறிந்த அமைப்புதான் அது. அவரைப் பற்றி எங்கே தேடினாலும் "பணக்கார வங்கியாளர், காது கேளாதவர், கொடையாளி" என்ற ஒரே வரிதான் கிடைக்கும். தப்பில்லை. ஆனால் அந்த வரியை வைத்துக்கொண்டு அந்த அமைப்பு ஏன் அப்படி அமைந்தது, ஏன் மூன்றே வருடத்தில் தடுமாறியது என்று சொல்லவே முடியாது. அதற்கு அவருடைய குடும்ப வரலாற்றுக்குள் போக வேண்டும்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். போன் குடும்பம் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்து யூத வங்கிக் குடும்பம். அந்த ஊரில் 1462 முதல் யூதர்களை ஒரே ஒரு வளைந்த சந்தில் அடைத்து வைத்திருந்தார்கள். யூதன்காஸே என்று பெயர். அங்கே குடும்பப் பெயர் இரண்டு வழியில் வந்தது. ஒன்று, வீட்டு வாசலில் இருந்த அடையாளம். ராத்ஷைல்ட் என்றால் சிவப்புக் கேடயம். இன்னொன்று, குடும்பம் வந்த ஊர். ஸ்பேயர், ஓப்பன்ஹைம், ஹனாவ், போன் எல்லாம் ஊர்ப்பெயர்கள். அதாவது 'போன்' என்றாலே ரைன் நதிக்கரை ஊரிலிருந்து பிழைக்க வந்தவர் என்றுதான் பொருள். லண்டனுக்குக் கப்பல் ஏறும் முன்பே பெயரிலேயே புலம்பெயர்ந்தவர்கள்! யூதர்களுக்குப் பிராங்க்பர்ட்டில் முழுச் சம உரிமை கிடைத்தது 1864இல்தான். இரண்டே வருடத்தில், 1866இல், பிரஷ்யா அந்த ஊரையே விழுங்கிவிட்டது.

இந்த வங்கிக் குடும்பங்கள் வேலை செய்த விதம் நம் செட்டியார் அடகுக்கடையும் இல்லை, இன்றைய பேங்க் கிளையும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வடக்குத் தரப்பு வெளியிட்ட கடன் பத்திரங்களைப் பிராங்க்பர்ட் அள்ளி வாங்கியது. அடுத்து ரயில்வே பத்திரங்கள். நியூயார்க்கில் ஒரு ஆள், லண்டனில் ஒரு ஆள், பிராங்க்பர்ட்டில் ஒரு ஆள், மூவரும் ரத்த உறவு அல்லது சம்பந்தி. கடிதத்திலும் தந்தியிலுமே வியாபாரம். அதே போன் குலத்தைச் சேர்ந்த வில்ஹெல்ம் போன் நியூயார்க்கில் ஸ்பேயர் நிறுவனத்தில் பங்குதாரராக இருந்துவிட்டு, ஊர் திரும்பி ஒரு மாளிகை கட்டினார். வில்லா போன் என்று பிராங்க்பர்ட்டின் சீஸ்மாயர் தெருவில் இன்றும் நிற்கிறது. லியோ அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர் மகன் மேக்ஸ் 1877இல் பிறந்தது நியூயார்க்கில், வளர்ந்து வங்கி நடத்தியது லண்டனில்.

இந்தத் தொழிலில் காது கேளாமை எங்கே இடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடிதம் எழுதிப் பிழைக்கிறவருக்குக் காது மந்தமாவது முதலில் பெரிய நஷ்டமில்லை. கணக்குப் புத்தகத்துக்குக் காது தேவையில்லை. தொலைபேசி அலுவலகத்துக்குள் வந்த பிறகுதான், கூட்டங்களில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும்போதுதான் ஆள் வெளியே தள்ளப்படுவார். இது என் ஊகம்தான். ஆனால் 1911 அமைப்புக்கு வைத்த பெயரைப் பார்த்தால் அந்த மனம் தெரிகிறது: "காது கேளாதோரின் பொதுநலனை மேம்படுத்துவதற்கான தேசியப் பணியகம்". பள்ளி இல்லை, விடுதி இல்லை, தேவாலயம் இல்லை. பணியகம். தகவலைச் சேர்த்து, யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று ஒரே இடத்தில் பார்க்க நினைத்திருக்கிறார். எனக்கு இதில் தெரிவது ஒரு வங்கியாளரின் மூளை.

அந்தத் தேவை எவ்வளவு உண்மையானது என்பதற்கு அதே வருடத்துச் சென்சஸ் படிவமே சாட்சி. 1911 ஏப்ரல் 2 இரவு எடுத்த கணக்கு, அதாவது பணியகம் தொடங்க இரண்டு மாதம் முன்பு. அதன் 16ஆம் கட்டத்தில் குடும்பத் தலைவர் தன் கைப்பட எழுத வேண்டும்: வீட்டில் யாராவது "முற்றிலும் காது கேளாதவர்", "காது கேளாத வாய் பேசாதவர்", "முற்றிலும் பார்வையற்றவர்", "பைத்தியம்", "புத்திக்குறைவு" உள்ளவரா, எந்த வயதில் அது வந்தது? இதில் மூன்று ஓட்டைகள். "முற்றிலும்" என்று கேட்டதால் பாதி கேட்பவர்கள், வயதாகிக் காது போனவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். பைத்தியம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தன் பிள்ளையின் பெயரை எழுத எந்தத் தகப்பனுக்குக் கை வரும்? மூன்றாவது, எழுதியது மருத்துவர் அல்ல, வீட்டுக்காரர். இந்தத் தரவை வைத்து எத்தனை பள்ளி வேண்டும், எத்தனை பேருக்கு வேலை வேண்டும் என்று எப்படிச் சொல்வது? 1921 சென்சஸில் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள்.

குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1911 படிவங்கள் இணையத்துக்கு வந்தபோது இந்த 16ஆம் கட்டத்தை மட்டும் மறைத்துத்தான் வெளியிட்டார்கள். 2012இல்தான் திறந்தார்கள். அதற்கு முன் இறக்கி வைத்த பிரதி உங்களிடம் இருந்தால், அந்தக் கட்டம் காலியாகத் தெரிவதை வைத்து "குறை எதுவும் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். மறுபடி எடுத்துப் பாருங்கள்.

குடியுரிமைப் பதிவுகள் இன்னும் சுவையானவை. லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எச்.ஓ. (உள்துறை) 334 வரிசையில் சான்றிதழ்கள், எச்.ஓ. 144இல் மனுக் கோப்புகள். பலர் சான்றிதழைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். விஷயம் இருப்பது கோப்பில். 1870 சட்டப்படி ஐந்து வருடம் குடியிருந்திருக்க வேண்டும், பிரிட்டிஷ் குடிகள் சிலர் சாட்சி சொல்ல வேண்டும். அந்தச் சாட்சிகளின் பெயரும் முகவரியும்தான் தங்கம். வந்தவர் யாரோடு வியாபாரம் செய்தார், யார் அவரை நம்பினார்கள் என்பது அதில் இருக்கும். 'போன்' என்று மட்டும் போட்டுத் தேடினால் ஊர் பெயரெல்லாம் வந்து குவியும் என்பதால் முதல் பெயரையும் பிறந்த ஊரையும் சேர்த்துத் தேடுங்கள். பொருளியல் அறிஞர் மோரிட்ஸ் யூலியஸ் போனும் பிராங்க்பர்ட் வங்கிக் குடும்பத்துக்காரர்தான். ஆனால் அவர் லண்டன் வந்தது 1933இல், ஹிட்லருக்குத் தப்பி. இவரையும் லியோவையும் குழப்பிக்கொண்டால் தலைமுறையே தவறிவிடும்.

இனி நான் சண்டை போட விரும்பும் இடம். 1880 மிலன் மாநாட்டில், பெரும்பாலும் காது கேட்கும் ஆசிரியர்களே கூடி, பள்ளிகளில் சைகை மொழி வேண்டாம், வாய்மொழிதான் (உதட்டசைவைப் படித்து வாயால் பேசுவது) என்று தீர்மானித்தார்கள். லண்டனில் அதற்கு முன்பே அந்த முறை வேரூன்றிவிட்டது. ராத்ஷைல்ட் குடும்பச் சீமாட்டி ஒருவரின் முயற்சியில் ரோட்டர்டாமிலிருந்து 1867இல் வந்த வில்லியம் வான் பிராக் என்ற ஆசிரியரே அதன் முன்னோடி. யூத வங்கிக் குடும்பங்களுக்கு இந்த முறை ஏன் இவ்வளவு இயல்பாகப் பட்டது? சந்தில் பேசிய யூத ஜெர்மனை விட்டால்தான் ஜெர்மானியன், ஜெர்மனை விட்டால்தான் ஆங்கிலேயன் என்று வாழ்ந்தவர்கள் அவர்கள். ஊரார் பேசுவதைப் போலவே பேசிவிட்டால் ஊரில் ஒருவனாகிவிடலாம் என்ற நம்பிக்கை அவர்கள் பட்ட பாட்டிலிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன். காது கேளாத குழந்தைக்கும் அதையே கொடுக்க நினைத்ததில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் சைகையில் வளர்ந்தவர்களுக்கு அது தாய்மொழியைப் பிடுங்குவது.

அவர்கள் தரப்பில் 1890இலேயே லீட்ஸ் நகரில் பிரிட்டிஷ் காது கேளாதோர் சங்கம் தொடங்கிவிட்டது. பிரான்சிஸ் மேகின் என்ற காது கேளாத அயர்லாந்துக்காரர் அதற்கு உயிர். ("காது கேளாதோரே நடத்திய சங்கம்" என்று புல்லரிக்க வேண்டாம், முதல் தலைவராக உட்கார்ந்தது காது கேட்கும் பாதிரியார்!) ஆக 1911இல் ஏற்கெனவே ஒரு தேசிய அமைப்பு இருக்கும்போது இன்னொன்று வருகிறது. ஒன்று சைகை பேசுகிறவர்கள் கூடியது, மற்றது காது கேளாத ஒரு செல்வந்தர் தன் வீட்டு வரவேற்பறையில் செல்வாக்குள்ளவர்களைக் கூட்டித் தொடங்கியது. இரண்டுக்கும் நடுவே அன்று விழுந்த கோடு இன்னும் முழுசாக அழியவில்லை.

பணியகம் தடுமாறியதற்குக் காரணம் கேட்டால் போரும் பணமுடையும் என்பார்கள். சரிதான், ஆனால் எப்படிப்பட்ட பணம்? தொடங்கியவர் ஒருவரின் பையையும் அவருக்குத் தெரிந்தவர்களையும் நம்பிய அமைப்பு. 1914இல் ஜெர்மன் பெயருள்ள லண்டன் வங்கியாளர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதற்கு சர் எட்கர் ஸ்பேயரே உதாரணம். சுரங்க ரயிலுக்குப் பணம் திரட்டியவர், 1915இல் அமெரிக்கா போக வேண்டியதாயிற்று, 1921இல் குடியுரிமையும் பறிபோனது. லியோவின் குடும்பத்துக்கு அந்தக் கதி நேரவில்லை. ஒரு மகன் வெல்ஷ் கார்ட்ஸ் படையில் போரிட்டார், மேக்ஸ் பின்னாளில் சர் பட்டம் பெற்றார். இருந்தாலும் போர்க்காலத்தில் அந்தப் பெயர் உள்ளவர் ஊராரிடம் நன்கொடை கேட்டுப் போனால் எவ்வளவு விழும்? குடும்ப வங்கியும் 1921இல் ஹெல்பர்ட் வாக் நிறுவனத்தோடு இணைந்தது. பணியகத்தை 1924இல் மறுசீரமைத்துத் தேசிய நிறுவனமாக மாற்றிய பிறகுதான் அது ஒருவருடைய வீட்டு விஷயமாக இல்லாமல் போனது. 1948இல் தேசிய மருத்துவச் சேவை மெட்ரெஸ்கோ காது மெஷினை இலவசமாகக் கொடுத்தபோது, ஆட்களைக் கணக்கிட்டு உதவியைச் சேர்ப்பது என்ற அந்த வேலை அரசின் கைக்குப் போனது.

பெயர் மாறிய கதையைப் பாருங்கள். 1961இல் 'ராயல்' சேர்ந்தது. 1992இல் "காது கேளாதோர்" என்ற மொத்தைச் சொல் "காது கேளாத மக்கள்" ஆனது. 2011இல் செவித்திறன் இழப்பை முன்வைத்து ஒரு புதுப்பெயர் வைத்தார்கள். சைகை பேசுகிறவர்கள் தாங்கள் எதையும் 'இழக்கவில்லை' என்று நினைப்பவர்கள், அவர்களுக்கு அந்தப் பெயரில் எங்கே இடம்? 2020இல் பழைய நாலெழுத்துக்கே திரும்பினார்கள். இத்தனை மாற்றத்துக்குப் பிறகும் 1924இல் தேசிய நிறுவனத்தின் பெயரில் போட்ட ஒரு வேற்றுமை உருபு இன்றும் நிற்கிறது. "காக". காது கேளாதவர்களுக்காக.