"அண்ணா" என்ற ஒரு சொல்

போன மாதம் ஒரு தம்பி தன் அகதிக் கோரிக்கை நிராகரிப்புக் கடிதத்தை வாசித்துச் சொல்லும்படி என்னைக் கூப்பிட்டார். ஏழு பக்கம். அதில் ஒன்றரைப் பக்கம் "அண்ணா" என்ற ஒரு சொல்லுக்கே போயிருந்தது.

படிவத்தில் தனக்கு ஒரு தங்கச்சி மட்டும்தான் என்று எழுதியிருக்கிறார். விசாரணையில், "என்னைப் பிடிக்க வந்தவங்கள் அண்ணாவையும் அடிச்சவங்கள்" என்று சொல்லியிருக்கிறார். அந்த அண்ணா பெரியப்பாவின் மகன். மொழிபெயர்ப்பில் கூடப்பிறந்தவர் ஆகிவிட்டார். இல்லாத சகோதரன் எங்கிருந்து வந்தான் என்று கேட்டதும் இவர் திகைத்துப்போய், "அவர் அண்ணாதான்" என்றே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். பெரியப்பாவின் மகனை நம்மில் யார் "ஒன்றுவிட்ட அண்ணா" என்று கூப்பிடுகிறோம்? கடிதத்தில் இருப்பது: தடுமாறினார், நம்பகமான சாட்சி அல்ல. வாசிக்க வாசிக்க எனக்கு வயிறு எரிந்தது.

கனடாவில் சட்டம் கோரிக்கையாளரை நம்புவதில்தான் தொடங்குகிறது. சத்தியம் செய்து சொன்னதை, சந்தேகப்படக் காரணம் இல்லாவிட்டால், உண்மை என்றே எடுக்கவேண்டும் என்று 1979இல் மால்டொனாடோ வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆனால் அந்தக் காரணத்தை எங்கே தேடுகிறார்கள்? வந்திறங்கியபோது சொன்னது, படிவத்தில் எழுதியது, விசாரணையில் பேசியது, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். "நல்லூர்த் தேருக்கு அடுத்த கிழமை" என்று நாள் கணக்கு வைத்த மனிதரிடம் திகதி கேட்டால் மூன்று இடத்திலும் ஒரே திகதி வருமா?

சரி, அப்பீல் இருக்கிறதே என்பீர்கள். அகதி மேன்முறையீட்டுப் பிரிவு 2012 டிசம்பரில் தொடங்கியது. அங்கே பெரும்பாலும் ஆளைக் கூப்பிடுவதில்லை. ஆவணங்களைப் பார்த்தே முடிவு. புதிய ஆதாரமும் நினைத்தபடி கொடுக்க முடியாது. நிராகரிப்புக்குப் பிறகு வந்ததாகவோ, முன்பே கொடுத்திருக்க நியாயமான வழி இல்லாததாகவோ இருக்கவேண்டும். முதல் தீர்ப்பு சரியா பிழையா என்று மேன்முறையீட்டுப் பிரிவு தானே எடைபோடவேண்டும் என்று 2016இல் ஹுருக்லிக்கா வழக்கில் நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் சாட்சியை நேரில் கேட்டவருக்கு உண்மையில் ஒரு அனுகூலம் இருந்தால் அவருடைய கணிப்புக்கு இடம் கொடுக்கலாம் என்ற கதவும் அதில் இருக்கிறது.

என் கோபம் அந்தக் கதவில்தான். தமிழ் தெரியாத ஒருவர், மொழிபெயர்ப்பின் வழியாகக் கேட்டதில் என்ன அனுகூலம்? அவர் கேட்டது மொழிபெயர்ப்பாளரின் குரலைத்தானே!

அதோடு, மொழிபெயர்ப்புப் பிழையை முதல் சந்தர்ப்பத்திலேயே சொல்லவேண்டும் என்பது நீதிமன்றங்களின் நிலைப்பாடு. ஆங்கிலம் தெரியாதவருக்குத் தன் வார்த்தை பிழையாகப் போனது அந்த அறையில் எப்படித் தெரியும்? இவருக்கே கடிதத்தை நான் வாசித்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அப்பீல் போடுகிறவர்களிடம் கேட்கிறேன்: விசாரணையின் ஒலிப்பதிவை எடுத்து, இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரோடு முழுதாக இருந்து கேளுங்கள். எந்த நிமிடத்தில் என்ன பிழை என்று குறித்து லோயரிடம் கொடுங்கள். குறித்துக் கொடுக்காத இடத்தை அங்கே யாரும் தேடிக் கேட்கப்போவதில்லை.

நேற்றிரவு தம்பியும் நானும் அவருடைய விசாரணை ஒலிப்பதிவைக் கேட்டோம். "அண்ணா" வருவதற்குக் கொஞ்சம் முன்னால், "பெரியப்பா வீட்டிலதான் நின்றனான், அவற்ற மகனும் நானும்தான்" என்று தெளிவாகச் சொல்கிறார். ஆங்கிலத்தில் அந்த வரியே இல்லை. தம்பி அந்த இடத்தை மூன்று தரம் திருப்பிப் போட்டுக் கேட்டார். நான் நிமிடத்தை எழுதிக்கொண்டேன். இன்று காலை லோயருக்கு அனுப்பிவிட்டோம்.