ஆறுமுகம் திட்டமும் ஆறுமுகமும்

கோடையில் கிணறு உவர்க்கத் தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் யாராவது ஒருவர் கடல்நீரேரிகளை நன்னீராக்கும் 'ஆறுமுகம் திட்டத்தை' இழுக்காமல் விடமாட்டார். ஒரு மேதை 1954இலேயே வழி சொன்னார், கொழும்பு செய்யவில்லை. கதை அவ்வளவுதான். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு.

1905இல் பிறந்த சண்முகம் ஆறுமுகம் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் படித்து, வெள்ளைக்காரன் காலத்திலேயே அரச சேவைக்கு வந்து, சுதந்திரத்துக்குப் பிறகு நீர்ப்பாசனத் திணைக்களத்தில் மேல்பதவி வரை போனவர். ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கும் யோசனை அவர் மண்டையில் திடீரென உதித்ததல்ல. 19ஆம் நூற்றாண்டில் இங்கே அரசாங்க அதிபராக இருந்த துவைனம் காலத்திலிருந்தே அந்தப் பேச்சு உண்டு. ஆறுமுகம் அதை முழு வரைபடமாக்கினார். வன்னியிலிருந்து கனகராயன் ஆறு கொண்டுவரும் மாரி வெள்ளத்தை ஆனையிறவிலும் சுண்டிக்குளத்திலும் மறிப்பது, ஏறக்குறைய 4 கிலோமீற்றர் முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சி நீரேரிக்கு அனுப்புவது, அங்கிருந்து உப்பாறு நீரேரிக்கு. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவு போட்டால் கடல் உள்ளே வராது. வருடாவருடம் மழை உப்பைக் கழுவ, சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கும் நல்ல தண்ணீர் கூடும். ஆறே இல்லாத குடாநாட்டுக்கு ஒரு ஆறு!

இதை நான் தனிமனித மேதைமை என்று சொல்லமாட்டேன், திணைக்களக்காரனின் வேலை என்பேன். பழைய கோப்பைத் தூசி தட்டுவது, மட்டம் பார்ப்பது, மழையைக் கணக்கெடுப்பது. (இதைக் குறையாகச் சொல்லவில்லை, எங்கள் ஆட்களுக்குக் கோப்பு என்றாலே இளக்காரம்.) அதே பழக்கம்தான் 1969இல் இலங்கையின் நீர்வளம் பற்றிய அவருடைய பெரிய நூலாக வந்தது. தீவின் 103 ஆற்றுப் படுகைகள், குளங்கள் எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. குளங்களைப் பற்றி ஆராய்பவர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். என் கணக்கில் அவருடைய முடிந்த வேலை அதுதான். நாங்களோ முடியாத வாய்க்காலை வைத்து மட்டும் அவரை ஞாபகம் வைத்திருக்கிறோம்.

முள்ளியான் வாய்க்கால் பாதியில் நின்றதற்குக் கொழும்பைத் திட்டலாம், நியாயமும் உண்டு. ஆனால் நீரேரி நன்னீரானால் அதில் இறால் பிடித்துச் சீவிக்கும் குடும்பங்கள் எங்கே போகும்? திட்டத்தை வருடாவருடம் பகிர்கிறவர்கள் முதலில் அவர்களிடம் போய்க் கேட்கட்டும்.